எஸ்எம்பிஎஸ் மேலேயா, கீழேயா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே போனால் வேங்கிக்கால். 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கிய திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் உள்ள எந்த இடத்திலும் மனு தட்டச்சு செய்யும் கடை, ஜெராக்ஸ் கடை, சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கும் இ-சேவை மையம் எல்லாம் கம்ப்யூட்டரை நம்பியே நடக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனால், மனுவோடு வந்தவர் ஒரு வாரம் காத்திருக்க நேரலாம்.

அக்னி நட்சத்திர நாட்களில் இந்த வட்டாரத்தின் வெயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும். ஏசி இல்லாத ஒரு சின்னக் கடைக்குள்ளும் அந்தச் சூடு அப்படியே இறங்கும். அந்தச் சூட்டில் மேசைக்கு அடியில் நாள் முழுக்க ஓடுகிறது ஒரு கேபினட். சுவரிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் அதற்குள் உள்ள ஒரே ஒரு பெட்டியின் வழியாகத்தான் போக வேண்டும். அதுதான் எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டரின் மின்வழங்கி.

பழைய கேபினட்டுகளில் அந்தப் பெட்டி பின்பக்கம் மேல் மூலையில் இருந்தது. இன்று விற்கும் பெரும்பாலான கேபினட்டுகளில் அது அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏன் மாறியது என்று கேட்டால் சட்டென்று வரும் பதில், “சூடான காற்று மேலே போகும், அதனால் எஸ்எம்பிஎஸ் கீழே இருப்பதுதான் நல்லது” என்பது. முடிவு பெரும்பாலும் சரி. சொல்லும் காரணம் சரியில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் தவறான காரணத்தை நம்புகிறவர் சரியான இடத்தில் வைத்துவிட்டும் தவறாக வைப்பார்.

230 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

எஸ்எம்பிஎஸ் முதலில் நம் வீட்டின் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது. சாதாரண வடிவமைப்பில் அப்போது கிடைப்பது சுமார் 325 வோல்ட். அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்குகிறது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்பார்மர் சிறிதாக இருந்தாலே போதும். 50 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய இரும்பு டிரான்ஸ்பார்மரோடு ஒப்பிட்டால் எடையும் இழப்பும் வெகுவாகக் குறைகின்றன. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் இந்த முறையில்தான் மின்வழங்கியை வடிவமைத்தார். வெப்பம் குறைந்ததால் அந்த இயந்திரம் ஃபேனே இல்லாமல் ஓடியது.

இழப்பு குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டுக்கும் மற்றவற்றுக்கும் அது 300 வாட் கொடுக்க வேண்டுமானால் சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும். மிச்சம் 75 வாட் அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. திறன் 90 விழுக்காடானால் இந்த இழப்பு 33 வாட்டாகக் குறையும். வெளியே கொடுத்த 300 வாட்டும் எங்கும் போய்விடுவதில்லை. ப்ராசசரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. ஆகவே கேபினட்டுக்குள் இரண்டு வெப்பங்கள் இருக்கின்றன: எஸ்எம்பிஎஸ் தானே உண்டாக்குவது ஒன்று, மற்ற பாகங்கள் உண்டாக்குவது இன்னொன்று. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இடம் தேடுவது என்பது, இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று தீர்மானிப்பதுதான்.

சூடு மேலே போகும் என்பது எவ்வளவு உண்மை?

சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அது மேலெழும். இதில் ஐயமே இல்லை. எவ்வளவு வலுவோடு எழும் என்பதுதான் கேள்வி.

அறையின் காற்று 40 டிகிரி, கேபினட்டுக்குள் 50 டிகிரி என்று கொள்வோம். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.13 கிலோ, 50 டிகிரியில் சுமார் 1.09 கிலோ. வித்தியாசம் 35 கிராம் அளவுதான். கேபினட்டின் உயரம் 45 சென்டிமீட்டர் என்றால், இந்த வித்தியாசத்தால் காற்றை மேலே தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய 0.15 பாஸ்கல். சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று தரக்கூடிய உச்ச அழுத்தமோ 10 முதல் 20 பாஸ்கல் வரை. அதாவது ஃபேனின் தள்ளுவிசை, சூட்டின் தள்ளுவிசையைவிட நூறு மடங்கு என்ற அளவில் இருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையின் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபத்தைப் பாருங்கள். சுடரின் சூடு சுற்றியுள்ள காற்றைவிடப் பல நூறு டிகிரி அதிகம், அதன் அடர்த்தி சுற்றுக்காற்றின் ஒரு சிறு பங்குதான். அவ்வளவு வலுவாக மேலெழும் சுடரையே மலைக்காற்று சாய்த்துவிடுகிறது. வெறும் 10 டிகிரி கூடுதல் சூடுள்ள காற்று ஃபேனை எதிர்த்துத் தன் வழியில் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபேன் ஓடும்வரை, காற்று ஃபேன் சொல்லும் திசையில்தான் போகும்.

பிறகு ஏன் கேபினட்டின் மேல்பகுதி சூடாக இருக்கிறது? வழக்கமான கேபினட்டில் காற்று முன்பக்கம் கீழே நுழைகிறது. ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, ப்ராசசர் என்று ஒவ்வொன்றையும் கடந்து பின்பக்கம் மேலே வெளியேறுகிறது. மேல் மூலைக்கு வரும்போது அது எல்லாப் பாகங்களின் சூட்டையும் வாங்கிவிட்டது. அந்த மூலை சூடாக இருப்பதற்குக் காரணம் அதன் உயரம் அல்ல, காற்றின் பயணம் அங்கே முடிவதுதான். ஃபேன்களைத் திருப்பி மாட்டி மேலிருந்து காற்று நுழையும்படி செய்தால், சூடான இடமும் மாறிவிடும்.

எனவே கேட்க வேண்டியது “மேலேயா, கீழேயா” என்பதல்ல. எஸ்எம்பிஎஸ் எந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது என்பதே. அறையிலிருந்து நேராக வரும் காற்றா, மற்றவர்கள் சூடாக்கி அனுப்பிய காற்றா?

முதலில் ஏன் மேலே வைத்தார்கள்?

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. படுக்கைவாட்டில் இருந்த அந்தப் பெட்டியின் பின்மூலையில் அது இருந்தது. அதில் இருந்த ஒரே ஃபேன் தன்னையும் குளிர்வித்தது, பெட்டிக்குள் இருந்த சூட்டையும் வெளியே தள்ளியது. அந்தக் காலத்துக்கு அது மிகச் சிக்கனமான ஏற்பாடு. பெட்டியை நிமிர்த்தி வைக்கும் கேபினட்டுகளில் அந்தப் பின்மூலை மேல் மூலையானது.

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் தரநிலையை வெளியிட்டபோது மின்வழங்கியை ப்ராசசருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. முதல் ஏடிஎக்ஸ் திட்டத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் காற்றை வெளியே தள்ளவில்லை. வெளிக்காற்றை இழுத்து, தன் வழியாகச் செலுத்தி, ப்ராசசர் மேல் ஊதியது. ஒரே ஃபேனால் இரண்டையும் குளிர்விக்கலாம் என்பது கணக்கு. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பு வெப்பம் முழுவதும் ப்ராசசர் தலையில் இறங்கியது. ப்ராசசர்களின் வெப்பம் கூடியபோது இந்த ஏற்பாடு பயனற்றுப்போனது. பின்னர் வந்த திருத்தங்களில் ஃபேன் திசை மாறியது. காற்று உள்ளிருந்து வெளியே போனது. இப்போது நிலைமை தலைகீழ். ப்ராசசரின் வெப்பம் எஸ்எம்பிஎஸ்ஸின் வழியாக வெளியேறியது. யாருடைய சூட்டை யார் வாங்குவது என்ற சண்டையில் இடம் மாறவில்லை, ஏற்பவர் மட்டும் மாறினார்.

1995-இல் அது தாங்கக்கூடியதாக இருந்தது. 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ப்ராசசரின் வெப்பம் அதிகபட்சம் 11 வாட் அளவு. பத்தே ஆண்டுகளில் பென்டியம் 4 வரிசையின் சில ப்ராசசர்கள் 115 வாட்டைத் தொட்டன. கிராஃபிக்ஸ் கார்டுகளும் தனி மின்இணைப்பு கேட்கத் தொடங்கின. மேல் மூலையில் இருந்த எஸ்எம்பிஎஸ் தான் உண்டாக்கும் சூட்டைவிடப் பல மடங்கு சூட்டைச் சுமந்து வெளியேற்றும் நிலை வந்தது.

2005-இல் ஆன்டெக் நிறுவனம், கம்ப்யூட்டர்களின் சத்தத்தைக் குறைப்பதில் ஆழ்ந்த ஆர்வம் கொண்ட மைக் சின் என்பவரோடு சேர்ந்து பி180 என்ற கேபினட்டை வெளியிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே தனி அறையில் வைத்து, அதன் காற்றோட்டத்தை மற்றவற்றிலிருந்து பிரித்ததுதான் அதன் சிறப்பு. நோக்கம் சத்தத்தைக் குறைப்பது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சூட்டுக்கு ஏற்ப வேகம் மாற்றிக்கொள்ளும். சூடான காற்று உள்ளே வந்தால் வேகமாகச் சுற்றும். ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபெல் கூடும். குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அறையும் அமைதியாகும். அடுத்த சில ஆண்டுகளில் கீழே வைப்பதே பெரும்பாலான கேபினட்டுகளின் வழக்கமானது.

பின்னர் வந்த சில கேபினட்டுகளில் மதர்போர்டின் பின்புறம் ஒரு தனி அறை அமைத்து அதில் எஸ்எம்பிஎஸ்ஸை வைக்கிறார்கள். அங்கே அது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது, அதற்கென்று தனிக்காற்று கிடைப்பதால்.

பத்து டிகிரியின் விலை

குளிர்நாடுகளில் கேபினட்டைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில்தான் சோதிக்கிறார்கள். அங்கே மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் கிடைக்கும் வித்தியாசம் சத்தத்தோடு முடிந்துவிடலாம். வேங்கிக்காலின் சித்திரை மாதத்தில் கணக்கு வேறு.

எளிய விதி ஒன்று உண்டு. விநாடிக்கு ஒரு லிட்டர் காற்று, தன் சூடு ஒரு டிகிரி கூடும்போது ஏறக்குறைய 1.1 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் 300 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, கேபினட் வழியாக விநாடிக்கு 20 லிட்டர் காற்று ஓடுகிறது என்று கொள்வோம். வெளியேறும் காற்று சராசரியாக 13 டிகிரிக்கும் மேலே சூடாகியிருக்கும். அறை 40 டிகிரி என்றால், மேல் மூலையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் இழுப்பது 53 டிகிரிக் காற்று. இன்டெல்லின் ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வகுத்திருக்கும் இயக்க எல்லை 10 முதல் 50 டிகிரி வரை. ஆக, மேலே வைத்தால் எல்லையைத் தாண்டிவிட்டோம். கீழே வைத்து அறைக்காற்றை நேராகக் கொடுத்தால் 40 டிகிரி; எல்லைக்குள் இருக்கிறோம்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுகள் அந்த அளவை 40 அல்லது 50 டிகிரியில் தரும் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பார். மலிவானவற்றில் அது 25 டிகிரிக்கான அளவாக இருக்கலாம், அல்லது டிகிரியே குறிப்பிடாமல் இருக்கலாம். நம் ஊர்க் கோடையில் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சூட்டால் முதலில் நலியும் பாகம் எலெக்ட்ரோலிடிக் கபாசிட்டர். அதற்குள் இருக்கும் மின்பகு திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறி வற்றுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் நடைமுறை விதி: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கபாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி நேரமும் 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் தாங்கும். ஒரு கடை நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், முன்னது ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல், பின்னது பத்து ஆண்டுகளுக்கும் மேல். ஃபேன் வேகம் கூடி இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்பது உண்மை. ஆனாலும் உள்ளே போகும் காற்றில் குறைக்கும் ஒவ்வொரு டிகிரியும் ஆயுளாகத் திரும்பி வருகிறது.

தரையில் காத்திருப்பவை

கீழே வைத்தால் எல்லாம் நன்மை என்று முடித்துவிட முடியாது. அடித்தளத்தில் ஃபேன் கீழ்நோக்கி இருக்கும்போது அது தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலிருந்து காற்றை இழுக்கிறது. வேலூர் சாலையின் தூசி, துடைப்பம் கிளப்பும் மண், வாடிக்கையாளர் செருப்போடு கொண்டுவரும் புழுதி எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. அடிப்பகுதியில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இல்லாத கேபினட்டில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே வைப்பது பெரிய நன்மை தராது. வடிகட்டி இருந்தும் அதைக் கழுவாமல் விட்டால் காற்றே அடைபட்டு, கீழே வைத்ததன் பயன் முழுவதும் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். நம் கடைகளிலும் வீடுகளிலும் தரையைக் கழுவிவிடும் வழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் தெருவின் தண்ணீர் வாசலைத் தாண்டுவதும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலையில் கொட்டிய மழையை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அடித்தளத்தில் இருக்கும் எஸ்எம்பிஎஸ், 230 வோல்ட் நுழையும் பெட்டி, தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே கேபினட்டைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரு சாண் உயர மர ஸ்டாண்டோ இரும்பு ஸ்டாண்டோ போதும். தூசியும் குறையும், தண்ணீருக்கும் இடைவெளி கிடைக்கும். ஸ்டாண்டின் மேற்பலகை முழுப்பலகையாக இல்லாமல், ஃபேன் இருக்கும் இடத்தில் திறந்திருக்க வேண்டும்.

சிலர் தூசிக்குப் பயந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு ஃபேனை மேல்நோக்கித் திருப்புகிறார்கள். சரியான இடத்தில் வைத்துவிட்டும் தவறாக வைப்பது என்று முன்பு சொன்னது இதுதான். இப்போது அது இழுப்பது கேபினட்டின் உள்காற்று. மேலே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறது, அந்தக் கார்டுக்குப் போக வேண்டிய காற்றிலும் பங்கு கேட்கிறது. கழன்று விழும் ஒரு சின்ன ஸ்க்ரூ நேராக 325 வோல்ட் பகுதிக்குள் போகவும் வாய்ப்புண்டு. அடிப்பகுதியில் துளையே இல்லாத கேபினட்டில் மட்டும்தான் இந்தத் திசைக்கு நியாயம் இருக்கிறது.

கேபிளின் நீளத்தையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ப்ராசசருக்கு மின்சாரம் தரும் இணைப்பு மதர்போர்டின் மேல் ஓரத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, மதர்போர்டின் பின்னால் வளைந்து அங்கே போய்ச்சேர அரை மீட்டருக்கும் அதிகமான கேபிள் வேண்டும். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸுகளில் அந்தக் கேபிள் குட்டையாக இருந்தால், அசெம்பிள் செய்பவர் வேறு வழியின்றி மதர்போர்டின் குறுக்கே இழுத்துக் கட்டுவார். அந்தக் கேபிள் கூலர் ஃபேனில் உரசலாம்.

யாருக்கு எது?

மனு தட்டச்சு செய்யும் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் வெப்பம் 80 வாட் அளவில் அடங்கிவிடும். விநாடிக்கு 10 லிட்டர் காற்று ஓடினாலே சூடு 7 டிகிரிதான் கூடும். 40 டிகிரி அறையிலும் மேல் மூலையில் 47 டிகிரி; எல்லைக்குள் இருக்கிறது. இங்கே எஸ்எம்பிஎஸ் மேலே இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அதன் ஃபேனே கேபினட்டின் சூட்டை வெளியேற்றிவிடும், வேறு ஃபேன் வாங்க வேண்டியதில்லை. இதே இயந்திரத்தைக் கீழே எஸ்எம்பிஎஸ் வைக்கும் கேபினட்டுக்கு மாற்றி, பின்பக்கம் ஒரு ஃபேன்கூடப் போடாமல் விட்டால், ப்ராசசரின் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அப்படிப்பட்ட மாற்றம் நிலைமையை மோசமாக்கும். பழைய கேபினட் நன்றாக ஓடுகிறது என்றால், புதிது வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அதற்கு அறிவியல் காரணம் இல்லை.

வீடியோ எடிட்டிங், ஆல்பம் வடிவமைப்பு, பொறியியல் மாணவர்களின் முப்பரிமாண வரைபடங்கள், கேம் போன்றவற்றுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே வைப்பதுதான் நல்லது. ஃபேன் கீழ்நோக்கி, அடியில் வடிகட்டி, கேபினட் ஸ்டாண்டின் மேல், பின்பக்கம் கட்டாயம் ஒரு ஃபேன், முன்பக்கம் முடிந்தால் இரண்டு. எடையும் கீழே இருப்பதால் கேபினட் உறுதியாக நிற்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் எந்தக் காற்றை இழுக்கிறது என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுக் கதவை மூடியே வைத்து, புகையை வெளியிலிருந்து ஒவ்வொரு துளையின் அருகிலும் காட்டுங்கள். கங்கு எதையும் தொடாத தூரத்தில் இருக்கட்டும். புகை உள்ளே போகும் துளைகளையும் வெளியே தள்ளும் துளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் வெளியேறும் காற்றுக்கு முன்னால் ஒரு வெப்பமானியை வைத்து, அறையின் சூட்டோடு ஒப்பிடுங்கள். வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது ஒருமுறையும், அரை மணி நேரம் கடுமையாக வேலை வாங்கிய பிறகு ஒருமுறையும் பாருங்கள்.

தூசி தட்டும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஃபேன் இதழ்களைக் குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, புளோவரால் வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கபாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இந்தச் சோதனையைச் செய்ய ஏற்ற நேரம் மார்கழியின் காலைப்பொழுது அல்ல, சித்திரையின் பிற்பகல் மூன்று மணி. கேபினட் வடிவமைப்பாளர் தன் அறையின் 25 டிகிரியை நினைத்து வரைகிறார். நாம் நம் அறையின் 40 டிகிரியில் அதை ஓட்டுகிறோம். இடையில் உள்ள அந்த 15 டிகிரியிலேயே அவர் விட்டுவைத்த இடைவெளியின் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கிடைக்கும் காற்று மட்டுமே. அதனால் கேபினட் வாங்கப் போகும்போது நிறத்தையும் கண்ணாடிக் கதவையும் பார்ப்பதற்கு முன், எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் எந்தத் துளை வழியாகக் காற்றை இழுக்கும், அந்தத் துளைக்கு வெளியே இருப்பது என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் கேபினட்டே நம் ஊருக்கு ஏற்றது.